21க்கு 20: யாழ்ப்பாண மாநகரசபையின் முதல்வர் தெரிவு

2020 டிசெம்பர் 30ஆம் திகதி, புதன்கிழமை. யாழ்ப்பாண மாநகரசபைக்குப் புதிய முதல்வரைத் தெரிவுசெய்ய உறுப்பினர்கள் கூடினார்கள். சபையின் மொத்த உறுப்பினர் தொகை 45. இரண்டு பெயர்கள் முன்மொழியப்பட்டன. ஒருவர், அதே மாதம் பாதீடு இருமுறை தோற்றதால் பதவியிழந்திருந்த இம்மானுவேல் ஆர்னோல்ட். மற்றவர் சட்டத்தரணி விஸ்வலிங்கம் மணிவண்ணன். மணிவண்ணனுக்கு 21 வாக்கு, ஆர்னோல்ட்டுக்கு 20. மீதி 4 உறுப்பினர்களின் வாக்கு எந்தப் பக்கமும் சேரவில்லை.

அந்த ஒற்றை வாக்கைப் பற்றி அப்போது நிறையப் பேசினார்கள். யார் யாருக்குக் கைகொடுத்தார், யார் யாரைக் கைவிட்டார் என்பதே பேச்சாக இருந்தது. இத்தனை நெருக்கமான முடிவு ஏன் வந்தது, அது நகரத்தின் ஆட்சியை என்ன செய்தது என்ற கேள்விகள் அந்தப் பேச்சில் அடிபட்டுப் போயின. இந்தக் கட்டுரை அவற்றைப் பற்றியது. ஒரு வாக்கில் வெல்வதில் குறை ஒன்றும் இல்லை. அப்படி வென்றவர் எவரையும் நிலைக்கவிடாத ஏற்பாட்டில்தான் குறை இருக்கிறது என்பது என் முடிவு.

கணக்கு 2018இல் தொடங்குகிறது. அந்த ஆண்டு பெப்ரவரி 10ஆம் திகதி நடந்த உள்ளூராட்சித் தேர்தல் புதிய முறையில் நடந்தது. அதற்கு முன்பு விகிதாசார முறை இருந்தது. அதிக வாக்குப் பெற்ற பட்டியலுக்கு இரண்டு மேலதிக ஆசனங்கள் கிடைக்கும், முதல்வரையும் அந்தக் கட்சியே பெயர் குறிக்கும். சபைக்குள் போட்டிக்கு இடமே இல்லை. 2009 ஓகஸ்ட் 8இல் நடந்த யாழ்ப்பாண மாநகரசபைத் தேர்தலில் ஐக்கிய மக்கள் சுதந்திரக் கூட்டமைப்பு 23 ஆசனங்களில் 13ஐப் பெற்றது. யோகேஸ்வரி பற்குணராசா முதல்வரானார். வாக்காளரில் ஏறத்தாழ 22 வீதத்தினரே வாக்களித்திருந்தார்கள். போர் முடிந்து மூன்று மாதங்கூட ஆகாத நேரம் அது. வாக்களிப்பு மெலிந்திருந்தாலும் பெரும்பான்மை தெளிவாக இருந்தது.

புதிய முறையில் 60 வீத உறுப்பினர்கள் வட்டாரங்களிலிருந்து வருகிறார்கள், 40 வீதத்தினர் பட்டியலிலிருந்து. யாழ்ப்பாணத்துக்கு 27 வட்டாரங்கள், பட்டியலில் 18 பேர். ஒரு கட்சி பாதிக்கு மேல் பெற்றால் அதுவே முதல்வரைப் பெயர் குறிக்கலாம். பெறாவிட்டால் உள்ளூராட்சி ஆணையாளர் சபையைக் கூட்டி உறுப்பினர்களிடையே தெரிவை நடத்துவார். வாக்கெடுப்பு பகிரங்கமா இரகசியமா என்பதையும் உறுப்பினர்களே தீர்மானிப்பார்கள். சமநிலை வந்தால் திருவுளச்சீட்டு.

வட்டாரத்துக்கு ஓர் உறுப்பினர் வேண்டும், தன் தெருவின் குறையைச் சொல்ல ஒரு முகம் வேண்டும் என்பதுதான் இந்த மாற்றத்தின் நோக்கம். நல்ல நோக்கம். ஆனால் எண்ணிக்கையைச் சமப்படுத்தும் 40 வீதப் பட்டியல், மூன்று நான்கு கட்சிகள் வேரூன்றிய ஒரு நகரில் எவருக்கும் பாதியைத் தராது. 2018இல் யாழ்ப்பாணத்தில் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு 16, தமிழ்க் காங்கிரஸ் 13, ஈழ மக்கள் ஜனநாயகக் கட்சி (ஈ.பி.டி.பி.) 10, ஐக்கிய தேசியக் கட்சி 3, ஸ்ரீலங்கா சுதந்திரக் கட்சி 2, தமிழர் விடுதலைக் கூட்டணி 1. பெரும்பான்மைக்குத் தேவையான 23ஐ எட்ட முதலாவது கட்சிக்கே இன்னும் 7 பேர் வேண்டும்.

2018 மார்ச் 26இல் நடந்த முதல்வர் தெரிவில் கூட்டமைப்பின் ஆர்னோல்ட்டுக்கு 18 வாக்கு. தமிழ்க் காங்கிரஸின் மணிவண்ணனுக்கும் ஈ.பி.டி.பி.யின் முடியப்பு றெமீடியஸுக்கும் தலா 13. இரண்டாம் இடத்துக்குச் சீட்டுப் போட வேண்டியதாயிற்று. பிறகு றெமீடியஸ் போட்டியிலிருந்து விலக, ஆர்னோல்ட் முதல்வரானார். மாகாணசபை உறுப்பினர் பதவியை விட்டுவிட்டு மாநகரசபைக்கு வந்தவர் அவர். 45 பேர் கொண்ட சபையில் தன் பெயருக்குக் கிடைத்த 18 வாக்குகளோடு ஆட்சியைத் தொடங்கினார்.

அந்த 18 அவரை 2020 டிசெம்பர் வரை எப்படிக் காத்தது? காத்தது சட்டம். 1947ஆம் ஆண்டின் மாநகரசபைகள் கட்டளைச் சட்டத்தின்படி பாதீடு ஒருமுறை தோற்றால் இரண்டு வாரத்துக்குள் மீண்டும் சமர்ப்பிக்க வேண்டும். மறுமுறையும் தோற்றால் முதல்வர் பதவி விலகியதாகக் கருதப்படுவார். 2012இல் வந்த திருத்தம் புதிய சபையின் முதல் இரண்டு ஆண்டுகளுக்கு முதல்வருக்குக் காப்பு அளித்தது. அக்காலத்தில் சபை நிராகரித்தாலும் பாதீடு நிறைவேறியதாகவே கொள்ளப்படும். மூன்றாம் ஆண்டில் அந்தக் காப்பு விலகுகிறது. ஆகவே 2020 டிசெம்பரில் நடந்தது திடீர்க் கோபத்தின் விளைவு அல்ல. எதிரணியின் கைக்கு ஆயுதம் கிடைத்த முதல் டிசெம்பர் அது. கிடைத்தவுடன் பயன்படுத்தினார்கள்.

இந்த ஒழுங்கைப் புரிந்துகொள்ளாமல் யாழ்ப்பாண மாநகர அரசியலைப் புரிந்துகொள்ள முடியாது. பாதீடு என்பது வீதிக்கும் வடிகாலுக்கும் குப்பைக்கும் சந்தைக்கும் நூலகத்துக்கும் பணம் ஒதுக்கும் ஆவணம். சட்டம் அதையே முதல்வரை இறக்கும் நெம்புகோலாகவும் ஆக்கிவைத்திருக்கிறது. வரவு செலவில் என்ன இருக்கிறது என்று பார்த்து வாக்களிப்பவரையும், முதல்வரை இறக்க வேண்டும் என்று வாக்களிப்பவரையும் பிரித்தறிய வழியில்லை.

இனி அந்த டிசெம்பருக்கு வருவோம். அதே ஆண்டு ஓகஸ்டில் நாடாளுமன்றத் தேர்தல் நடந்திருந்தது. யாழ் மாவட்டத்தின் 7 ஆசனங்களில் கூட்டமைப்புக்கு 3 மட்டுமே. மற்ற 4 ஆசனங்கள் சுதந்திரக் கட்சி, ஈ.பி.டி.பி., தமிழ்க் காங்கிரஸ், முன்னாள் வட மாகாண முதலமைச்சர் விக்னேஸ்வரனின் கூட்டணி ஆகியவற்றுக்கு ஒவ்வொன்றாகப் போயின. தோற்காத கட்சி என்ற கூட்டமைப்பின் மதிப்பு உடைந்திருந்தது. மறுபக்கம், தமிழ்க் காங்கிரஸின் பெயரில் போட்டியிட்ட தமிழ்த் தேசிய மக்கள் முன்னணிக்குள்ளும் பிளவு. தேர்தலுக்குப் பின் அதன் தேசிய அமைப்பாளர் பொறுப்பிலிருந்து மணிவண்ணன் நீக்கப்பட்டார். சபையில் இருந்த 13 பேரில் பெரும்பாலோர் அவரோடு நின்றார்கள். சிலர் கஜேந்திரகுமார் பொன்னம்பலத்தின் தலைமையோடு நின்றார்கள்.

எனவே டிசெம்பர் 30இல் மோதியவை உடைந்த அணிகள். பதவியிழந்தவரையே மீண்டும் நிறுத்துவதா என்று கூட்டமைப்பின் தலைமைக் கட்சியான தமிழரசுக் கட்சிக்குள்ளேயே கடுமையான வாதம் நடந்தது. ஈ.பி.டி.பி. மணிவண்ணனை ஆதரித்தது. அவருடைய சொந்தக் கட்சித் தலைமை ஆதரிக்கவில்லை. அந்த 21இல் பெரும்பகுதி, தம் கட்சித் தலைமையை மீறிய உறுப்பினர்களும் நீண்டகால அரசியல் எதிரியாகக் கருதப்பட்ட ஒரு கட்சியும் சேர்ந்து அளித்த வாக்கு. எந்தப் பக்கமும் சேராத நால்வரில் இருவர் ஆர்னோல்ட்டின் பக்கம் திரும்பியிருந்தால் முடிவே மாறியிருக்கும். அதே நாளில் நல்லூர் பிரதேச சபையிலும் மணிவண்ணன் அணியைச் சேர்ந்தவரே தவிசாளரானார்.

இதைச் சந்தர்ப்பவாதம் என்று ஒரே சொல்லில் தள்ளிவிடுவோர் உண்டு. நான் அப்படிச் சொல்லமாட்டேன். காரணம் இந்தப் பதவியின் வரலாறு.

யாழ்ப்பாணம் 1949இல் மாநகரசபை ஆனது. முதலாவது முதல்வர் சாம் ஏ. சபாபதி. அதன்பின் இந்த நாற்காலியில் இருந்தவர்கள் எத்தனை பேர் இயல்பாக வாழ்ந்து முடித்தார்கள் என்று எண்ணிப் பார்க்க வேண்டும். அல்பிரட் துரையப்பா 1975 ஜூலை 27இல் பொன்னாலை வரதராஜப் பெருமாள் கோயில் வாசலில் சுட்டுக்கொல்லப்பட்டார். 1983 மே மாதத் தேர்தலை நகரம் ஏறத்தாழ முழுமையாகப் புறக்கணித்தது. அதன் பிறகு 1998 ஜனவரியில்தான் அடுத்த தேர்தல். அதில் முதல்வரான சரோஜினி யோகேஸ்வரன் மே 17இல் கொல்லப்பட்டார். அவருக்குப் பின் வந்த பொன். சிவபாலன் செப்டெம்பர் 11இல் குண்டுவெடிப்பில் இறந்தார். ஒரே ஆண்டில் இரண்டு முதல்வர்கள். பின்னர் முதல்வராக இருந்து நாடாளுமன்றம் சென்ற நடராஜா ரவிராஜ் 2006 நவம்பர் 10இல் கொழும்பில் கொல்லப்பட்டார். செல்லன் கந்தையன் முதல்வராக இருந்தபோது, 2003 பெப்ரவரியில், திருத்திக் கட்டிய பொது நூலகத்தின் திறப்பு விழா எதிர்ப்பால் நின்றது. உறுப்பினர்கள் கூட்டாகப் பதவி விலகினார்கள். 1981இல் எரிக்கப்பட்ட அந்த நூலகமும் மாநகரசபையின் சொத்துதான்.

இந்தப் பின்னணியில் 21க்கு 20 என்ற முடிவை மீண்டும் பார்க்க வேண்டும். தோற்றவர் வீட்டுக்குப் போனார், அடுத்த கூட்டத்துக்கு வந்தார், விவாதித்தார். இரண்டு ஆண்டுகளுக்குப் பின் அதே நாற்காலிக்கு மீண்டும் வந்தார். இந்த நகரத்தில் அதிகாரம் ஒரு வாக்கில் கைமாறியது, ஒரு துளி இரத்தமும் சிந்தவில்லை. இதை நான் சிறிய விடயமாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஆனால் பதவி கைமாறுவது ஒரு காரியம், நகரத்தை நடத்துவது வேறு காரியம்.

மணிவண்ணனின் இரண்டு ஆண்டுகளில் நடந்தவற்றில் இரண்டைச் சொல்கிறேன். 2021 ஏப்ரலில் நகரைத் துப்புரவாக வைத்திருக்கவும் குப்பை போடுவோரிடம் தண்டம் அறவிடவும் சிறு காவல் அணி ஒன்றைச் சபை ஏற்படுத்தியது. அவர்களின் சீருடை விடுதலைப் புலிகளின் காவல்துறைச் சீருடையை ஒத்திருக்கிறது என்று சொல்லி, ஏப்ரல் 9ஆம் திகதி பயங்கரவாத விசாரணைப் பிரிவினர் முதல்வரைக் கைதுசெய்தார்கள். கொழும்பு மாநகரசபை ஊழியரின் சீருடையைப் பார்த்தே வடிவமைத்தோம் என்பது சபைத் தரப்பின் விளக்கம். அன்றே நீதவான் அவரைப் பிணையில் விட்டார். அதே ஆண்டு டிசெம்பரில், பாழடைந்து கிடந்த ஆரியகுளம் தனியார் கொடை உதவியுடன் திருத்தப்பட்டுத் திறக்கப்பட்டது. மதச்சார்பற்ற பொழுதுபோக்கிடமாகவே அது இருக்கும் என்று சபை உறுதியாக நின்றது. ஒரு வாக்கில் வந்த முதல்வரும் துணிந்து வேலை செய்யலாம் என்பதற்கு இவை சான்று. ஒரு மாநகர முதல்வரின் அதிகாரம் இந்த நாட்டில் எவ்வளவு குறுகியது என்பதற்கும் முதலாவது சம்பவமே சான்று.

2022 டிசெம்பரில் அவருடைய பாதீடும் தோற்றது. மறுமுறை சமர்ப்பித்துத் தோற்கும் வரை காத்திருக்காமல் ஆண்டு முடிவோடு விலகினார். 2023 ஜனவரியில் ஆர்னோல்ட் மீண்டும் முதல்வரானார். சபையில் எண்ணிக்கை மாறவில்லை, ஆகவே நெருக்கடியும் மாறவில்லை. மார்ச் 19 நள்ளிரவுடன் சபையின் ஆயுள் முடிந்தது. ஐந்தாண்டில் இரண்டு பேர், மூன்று பதவிக்காலம்.

அடுத்து வந்தது இன்னும் மோசம். மார்ச் 9இல் நடக்கவேண்டிய உள்ளூராட்சித் தேர்தல் பணம் இல்லையென்ற காரணத்தால் நடக்கவில்லை. அது அடிப்படை உரிமை மீறல் என்று உயர்நீதிமன்றம் 2024 ஓகஸ்டில் தீர்ப்பளித்தது. தேர்தல் நடந்தது 2025 மே 6இல். இரண்டு ஆண்டுகளுக்கு மேலாக யாழ்ப்பாணத்துக்கு மக்கள் தெரிவுசெய்த சபையே இல்லை. அதிகாரிகள் நடத்தினார்கள். ஒற்றை வாக்குப் பெரும்பான்மையைக் குறை சொல்லும்போது இதையும் நினைக்க வேண்டும். உறுதியற்ற சபையாவது மக்கள் கேள்வி கேட்கக்கூடிய சபை.

2025 முடிவுகளில் மூன்றாவது துருவம் ஒன்று சேர்ந்தது. 2024 நவம்பர் நாடாளுமன்றத் தேர்தலில் தேசிய மக்கள் சக்தி யாழ் மாவட்டத்தின் 6 ஆசனங்களில் 3ஐப் பெற்றிருந்தது. நாடாளுமன்றத் தேர்தலில் தெற்கிலிருந்து வந்த ஒரு கட்சி குடாநாட்டில் முதலிடம் பெறுவது அதற்குமுன் நடக்காதது. மாநகரசபையில் தமிழரசுக் கட்சி 13, தமிழ்க் காங்கிரஸ் 12, தேசிய மக்கள் சக்தி 10, ஜனநாயகத் தமிழ்த் தேசியக் கூட்டணி 4, ஈ.பி.டி.பி. 4, ஐக்கிய தேசியக் கட்சி 1, ஐக்கிய மக்கள் சக்தி 1. தமிழ்க் காங்கிரஸும் ஜனநாயகத் தமிழ்த் தேசியக் கூட்டணியும் ஜூன் மாதத் தொடக்கத்தில் உடன்பாடு செய்தன. தமிழரசுக் கட்சியின் பதில் தலைவர் சி.வி.கே. சிவஞானம் ஈ.பி.டி.பி.யின் டக்ளஸ் தேவானந்தாவைச் சந்தித்து ஆதரவு கேட்டார். 2020இல் ஈ.பி.டி.பி.யின் வாக்கோடு மணிவண்ணன் வென்றதைக் கண்டித்தவர்களில் பலர் இப்போது அதே வாக்கை நாடினார்கள். இதில் எவரையும் நான் தனித்துக் குற்றம் சாட்டவில்லை. 45 பேர் சபையில் 23ஐத் தேடும் எவரும் இந்தக் கதவுகளைத்தான் தட்ட வேண்டும்.

ஜூன் 13ஆம் திகதித் தெரிவில் தமிழரசுக் கட்சியின் விவேகானந்தராஜா மதிவதனி 19 வாக்குப் பெற்று முதல்வரானார். தமிழ்க் காங்கிரஸின் கனகையா ஸ்ரீகிருஷ்ணகுமாருக்கு 16. தேசிய மக்கள் சக்தியின் கபிலனுக்கு 10. சரோஜினி யோகேஸ்வரன், யோகேஸ்வரி பற்குணராசா ஆகியோருக்குப் பின் இந்தப் பதவிக்கு வந்த பெண் அவர்.

19 என்பது 23 அல்ல. சபையில் 26 பேர் அவருக்கு வாக்களிக்காதவர்கள். ஆர்னோல்ட் 18இல் தொடங்கினார், இவர் 19இல். முதல் இரண்டு ஆண்டுகளின் காப்பு இவருக்கும் உண்டு. அது முடிந்தபின் வரும் டிசெம்பரில், 16உம் 10உம் சேர்ந்தால் 26. தேசிய மக்கள் சக்தியின் 10 பேர் எந்தப் பக்கம் சாய்கிறார்கள் என்பதே அந்நாளில் முதல்வரின் கதியைத் தீர்மானிக்கும். 2020இன் காட்சி திரும்ப வருவதற்கான எல்லா எண்களும் இப்போதே மேசையில் இருக்கின்றன.

யாழ்ப்பாணம் மட்டும் இப்படியில்லை. அதே ஜூன் மாதம் கொழும்பு மாநகரசபையில் 117 உறுப்பினரில் 48 பேரைக் கொண்டிருந்த தேசிய மக்கள் சக்தி, சிறு குழுக்களின் துணையோடு 61க்கு 54 என்று இரகசிய வாக்கெடுப்பில் முதல்வர் பதவியைப் பெற்றது. இந்தியாவின் சண்டிகரில் 2024 ஜனவரியில் நடந்தது இன்னும் பெரிய பாடம். எதிரணிக் கூட்டணிக்கு 20 வாக்கு, பாரதீய ஜனதாவுக்கு 16. தெரிவை நடத்திய அதிகாரி எதிரணியின் 8 சீட்டுகளைச் செல்லாதவை என்று அறிவித்து 16க்கு 12 என முடித்துவிட்டார். அவரே சீட்டுகளில் கோடிட்டது கமராவில் பதிவாகியிருந்தது. இந்திய உச்சநீதிமன்றம் பெப்ரவரி 20இல் அந்த முடிவை ரத்துச் செய்து, தோற்றதாகச் சொல்லப்பட்டவரையே மேயராக அறிவித்தது. நெருக்கமான போட்டியில் நடத்துபவரின் நேர்மை எவ்வளவு பெறுமதியானது என்பதை அது காட்டியது. யாழ்ப்பாணத்தின் தெரிவுகளில் வாக்குகளை எண்ணிய விதத்தில் அப்படியொரு மோசடி நடந்ததாக எவரும் நிறுவவில்லை. அது நமக்குப் பெருமை.

அப்படியானால் மக்களே நேரடியாக முதல்வரைத் தெரிவுசெய்யலாமே என்று கேட்பார்கள். தமிழ்நாடு அதைச் செய்து பார்த்தது. 1996இல் மு.க. ஸ்டாலின் சென்னையின் மேயராக மக்களால் நேரடியாகத் தெரிவானார். பின்னர் அந்த முறை மாறி, வந்து, மீண்டும் மாறியது. 2022இல் மாமன்ற உறுப்பினர்களே மேயர்களைத் தெரிவுசெய்தார்கள். ஆளுங்கட்சியின் வசதிக்கேற்ப முறை மாறிய கதை அது. நேரடித் தெரிவு நமக்கும் தீர்வாகாது என்று நினைக்கிறேன். மக்கள் தெரிவுசெய்த முதல்வருக்கும் 45 பேர் சபையில் 23 வேண்டும், பாதீட்டை நிறைவேற்ற. எண்ணிக்கை இல்லாத முதல்வர் எந்த வழியில் வந்தாலும் டிசெம்பரில் இதே சுவரில் மோதுவார்.

எனக்கு அதிகம் பொருத்தமாகப் படுவது ஜேர்மனியின் அடிப்படைச் சட்டத்தில் உள்ள ஏற்பாடு. அங்கே நாட்டின் தலைமை அமைச்சரை நாடாளுமன்றம் இறக்க விரும்பினால், அதே வாக்கெடுப்பில் அடுத்தவரைப் பெரும்பான்மையால் தெரிவுசெய்தாக வேண்டும். வேண்டாம் என்று சொல்ல மட்டும் ஒன்றுகூடுவோர் போதாது, ஒருவரை வேண்டும் என்று சொல்லவும் கூட வேண்டும். இரண்டு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட காலத்தில் எதிர்க்க மட்டுமே ஒன்றுசேர்ந்த பெரும்பான்மைகள் அரசுகளைக் கவிழ்த்துப் பட்ட அனுபவத்திலிருந்து 1949இல் அவர்கள் வகுத்துக்கொண்ட வழி அது. நம் மாநகரசபைச் சட்டத்தில் இது வருமானால் பாதீடு பாதீடாகவே விவாதிக்கப்படும். முதல்வரை மாற்ற விரும்புவோர் மாற்றை முன்வைத்து வருவார்கள்.

சட்டத்தைத் திருத்துவது கொழும்பின் கையில். அதுவரை காத்திருக்காமல் யாழ்ப்பாணத்திலேயே செய்யக்கூடியவை உண்டு. கட்சிகள் செய்யும் உடன்பாடுகளை எழுத்தில் பகிரங்கமாக வெளியிடலாம். எந்த வேலைக்கு எத்தனை ஒதுக்குவோம், எந்தக் குழுவில் யார் இருப்பார், என்ன நடந்தால் ஆதரவு விலகும் என்பன அதில் இருக்கட்டும். முதல்வர் தெரிவு வாக்கெடுப்பைப் பகிரங்கமாகவே நடத்தலாம். வட்டார உறுப்பினர் ஒருவர் யாருக்குக் கை உயர்த்தினார் என்பதை அறியும் உரிமை அந்த வட்டாரத்துக்கு உண்டு. இரகசிய வாக்கு வாக்காளனைக் காக்க வந்தது, பிரதிநிதியை மறைக்க வந்ததல்ல.

ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன்? குடாநாட்டின் நீர் முழுவதும் சுண்ணாம்புக்கல்லுக்கு அடியில் தேங்கும் நிலத்தடி நீர். நகரில் கிணறும் மலக்குழியும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. மாநகரத்தின் குப்பை கல்லுண்டாயில் குவிகிறது. மாரி வந்தால் தாழ்நிலங்களில் வெள்ளம் நிற்கிறது. இவற்றுக்கு ஒரு ஆண்டில் தீர்வு வராது. தொடர்ந்து மூன்று நான்கு பாதீடுகளில் ஒரே நோக்கத்தோடு பணம் ஒதுக்கினால்தான் வரும். டிசெம்பர் தோறும் நாற்காலி ஆடும் சபையால் அப்படி ஒதுக்க இயலாது. குருநகரிலும் நாவாந்துறையிலும் வீட்டு வாசலில் கழிவுநீர் தேங்கும் குடும்பத்துக்கு முதல்வர் யார் என்பதைவிட, இந்த ஆண்டின் வடிகால் ஒதுக்கீடு நிறைவேறியதா என்பதுதான் கேள்வி.

உங்கள் வட்டார உறுப்பினரிடம் ஒரு விடயம் கேளுங்கள். அடுத்த பாதீட்டு வாக்கெடுப்பில் எதிர்த்து வாக்களிப்பதானால், எந்த ஒதுக்கீட்டை எதிர்க்கிறீர்கள், அதற்குப் பதிலாக என்ன வேண்டும் என்று எழுத்தில் தரச் சொல்லுங்கள். ஆதரித்து வாக்களிப்பதானால், நம் வட்டாரத்துக்கு அதில் என்ன இருக்கிறது என்று எழுத்தில் தரச் சொல்லுங்கள். இதை 27 வட்டாரங்களிலும் கேளுங்கள், டிசெம்பர் வருவதற்கு முன்பே கேளுங்கள்.